குழந்தை ஆஸ்பத்திரியில் இருக்கும்போது தடுப்பூசி நாள் வந்துவிட்டால்: பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

குழந்தைகள் வார்டில் செவிலியராக வேலை பார்க்கிறேன். அட்மிஷன் போடும்போது "ஊசியெல்லாம் போட்டாச்சாம்மா?" என்று கேட்போம். "போட்டாச்சு" என்பார்கள். அட்டையைக் கேட்டால் அது வீட்டு பீரோவில் இருக்கும். நாலைந்து நாள் கழித்து யாராவது அதை எடுத்து வந்த பிறகுதான் 9 மாத ஊசிக்கான கட்டம் காலியாக இருப்பது தெரியும். "அப்போ அவனுக்கு உடம்பு சரியில்ல சிஸ்டர், அப்புறம் போட்டுக்கலாம்னு விட்டுட்டோம்" என்பார்கள்.

மாதம் ஒரு முறை ஆஸ்பத்திரிக்கு வந்து போகும் குழந்தைக்கு இந்த 'அப்புறம்' மாதக்கணக்கில் நீண்டுவிடும். இதயக் கோளாறு, சிறுநீரகக் கோளாறு உள்ள பிள்ளைகளும் எடை குறைவாகப் பிறந்தவர்களும்தான் தட்டம்மையாலும் நிமோனியாவாலும் அதிகம் பாதிக்கப்படுகிறார்கள். ஊசி தள்ளிப்போவதும் பெரும்பாலும் அவர்களுக்குத்தான். அந்த 'அப்புறம்' என்பதற்கு ஒரு தேதி வாங்கிக்கொள்ளுங்கள் என்று சொல்வதற்காகவே இதை எழுதுகிறேன். உங்கள் குழந்தைக்கு எது பொருந்தும் என்பதைச் சிகிச்சை தரும் மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். ஆனால் கேள்வியை நீங்கள் கேட்டால்தான் பதில் வரும்.

எந்த வயதில் என்ன ஊசி? ஒருமுறை சொல்லிவிடுங்கள்.

இது தமிழ்நாட்டில் அரசு இலவசமாகப் போடும் அட்டவணை. பிறந்தவுடன் காசநோய்க்கான பி.சி.ஜி., போலியோ சொட்டு, 24 மணி நேரத்துக்குள் மஞ்சள் காமாலை பி ஊசி. பிறகு 6, 10, 14 வாரங்களில் பென்டாவேலன்ட், போலியோ சொட்டு, வயிற்றுப்போக்கைத் தடுக்கும் ரோட்டா சொட்டு. நம் ஊரில் 45 நாள் ஊசி, 75 நாள் ஊசி, 105 நாள் ஊசி என்று சொல்வது இவற்றைத்தான். தொண்டை அடைப்பான், கக்குவான் இருமல், ரண ஜன்னி, மஞ்சள் காமாலை பி, ஹிப் கிருமி (மூளை உறைக் காய்ச்சலும் நிமோனியாவும் தருவது) ஆகிய ஐந்துக்கும் சேர்த்து ஒரே ஊசியாக வருவது பென்டா. 6, 14 வாரங்களில் நிமோனியாவைத் தடுக்கும் நிமோகாக்கல் ஊசியும் தோலுக்குள் போடும் போலியோ ஊசியும் உண்டு. 9 மாதம் முடிந்ததும் தட்டம்மை–ரூபெல்லா (எம்.ஆர்.) முதல் ஊசி, நிமோகாக்கல் பூஸ்டர், போலியோ ஊசி மூன்றாவது தவணை, வைட்டமின் ஏ திரவம். 16 முதல் 24 மாதத்துக்குள் எம்.ஆர். இரண்டாவது, முத்தடுப்பு (தொண்டை அடைப்பான், கக்குவான், ரண ஜன்னி) பூஸ்டர், போலியோ சொட்டு. 5–6 வயதில் இன்னொரு முத்தடுப்பு. 10 வயதிலும் 16 வயதிலும் ரண ஜன்னிக்கும் தொண்டை அடைப்பானுக்கும் சேர்த்து டி.டி. ஜப்பானிய மூளைக்காய்ச்சல் பரவும் சில மாவட்டங்களில் அதற்கான ஊசியும் 9 மாதத்திலும் ஒன்றரை வயதிலும் சேரும்.

மூத்த பிள்ளையின் அட்டையில் இல்லாத ஊசி இளையவனின் அட்டையில் இருக்கிறதே என்று குழம்ப வேண்டாம். பென்டா இங்கே வந்தது 2011 டிசம்பரில், ரோட்டா 2017இல், நிமோகாக்கல் 2021இல். போலியோ ஊசியின் மூன்றாவது தவணை 2023இல்தான் சேர்ந்தது.

காய்ச்சல், சளி, வயிற்றுப்போக்கு என்று அட்மிட் ஆகியிருக்கிறான். ஊசி போடலாமா?

லேசான சளி, இருமல், இளங்காய்ச்சல், பேதி இவை எதுவும் ஊசியைத் தள்ளிப்போடக் காரணமில்லை. ஆக்ஸிஜன் வைக்கும் அளவுக்கு மூச்சுத்திணறல், கடும் காய்ச்சல், நீர்ச்சத்து வற்றிய நிலை என்றால் அன்றைக்குப் போட மாட்டோம். ஊசியால் கெடுதல் வரும் என்பதல்ல காரணம். போட்ட பிறகு காய்ச்சல் ஏறினால் அது நோயாலா, ஊசியாலா என்று பிரித்தறிய முடியாமல் போகும். குழந்தை தேறி, பால் குடித்து, சிரிக்க ஆரம்பித்ததும் போட்டுவிடலாம். டிஸ்சார்ஜுக்கு முந்தைய நாளோ டிஸ்சார்ஜ் அன்றோ அதற்குச் சரியான நேரம். வீட்டுக்குப் போய் பத்து நாள் கழித்துப் பார்ப்போம் என்று கிளம்பினால் அந்தப் பத்தாம் நாள் பெரும்பாலும் வருவதே இல்லை.

பேதியாகும் குழந்தைக்குப் போலியோ சொட்டு நாள் வந்தால் அதையும் கொடுப்போம். ஆனால் அந்தத் தவணையைக் கணக்கில் சேர்க்காமல் பிறகு ஒன்று கூடுதலாகக் கொடுப்பது வழக்கம்.

ஆன்டிபயாடிக் ஏறிக்கொண்டிருக்கிறது. ஊசி மருந்தோடு சண்டை போடாதா?

போடாது. இந்த ஊசிகள் தடுப்பது வைரஸையும் சில பாக்டீரியாக்களையும். ஊசி உடலில் எதிர்ப்பை உருவாக்கும் வேலையில் ஆன்டிபயாடிக் குறுக்கிடுவதில்லை. டிரிப்ஸ் ஊசி குத்தியிருக்கும் கையையோ காலையோ விட்டுவிட்டு வேறு இடத்தில் போடுவோம், அவ்வளவுதான்.

எங்கள் குழந்தை 7 மாதத்திலேயே பிறந்தது. இன்னும் இன்குபேட்டரில்தான் இருக்கிறது. 45 நாள் ஊசியை எப்போதிலிருந்து கணக்கிடுவது?

பிறந்த தேதியிலிருந்துதான். 'உண்மையில் இன்னும் பிறக்க வேண்டிய நாளே வரவில்லையே' என்று மனசு சொல்லும். எனக்குத் தெரிந்து பெற்றோரை அதிகம் தவறவிடும் கணக்கு இதுதான். வளர்ச்சியைப் பார்க்கும்போது மட்டும் டியூ தேதியிலிருந்து எண்ணுவார்கள், ஊசிக்கு அப்படி எண்ணுவதில்லை. அளவையும் குறைக்க மாட்டார்கள். சின்ன உடம்பு என்று பாதி மருந்து போட்டால் அது ஊசி போட்டதாகவே ஆகாது.

தாயின் உடம்பிலிருந்து நோய் எதிர்ப்பொருள் குழந்தைக்குப் பெரும்பாலும் கடைசி மூன்று மாதத்தில்தான் போகிறது. 28, 30 வாரத்தில் பிறந்த குழந்தை அந்தச் சொத்தை முழுதாக வாங்காமலே வந்துவிடுகிறது. அதனால் 45 நாள் ஊசி மற்றக் குழந்தைகளைவிட அதற்கு இன்னும் அவசரம்.

28 வாரத்துக்குள் பிறந்த சில குழந்தைகளுக்கு முதல் ஊசிக்குப் பிறகு இரண்டு மூன்று நாள் மூச்சு விட்டுவிட்டு வரலாம், இதயத் துடிப்பு கொஞ்சம் குறையலாம். இதைச் சொன்னதும் பலரும் பயந்து, "அப்போ வீட்டுக்குப் போன பிறகு போட்டுக்கலாமே" என்பார்கள். யோசித்துப் பாருங்கள்: மானிட்டரும் ஆக்ஸிஜனும் செவிலியரும் பக்கத்திலேயே இருக்கும் இடம் இந்த வார்டுதானே? 48 முதல் 72 மணி நேரம் கண்காணிக்க வேண்டும் என்றால் இங்கே இருக்கும்போதே போட்டுக்கொள்வதுதான் பாதுகாப்பு.

சொட்டு மருந்துகள் மட்டும் வேறு. ரோட்டாவிலும் போலியோ சொட்டிலும் இருப்பது வலுக்குறைத்த உயிருள்ள வைரஸ். அது சில நாள் மலத்தில் வெளியேறும். பக்கத்துத் தொட்டிலில் இன்னும் நோஞ்சானான குழந்தை இருக்கலாம் என்பதால் பல இடங்களில் இவற்றை டிஸ்சார்ஜ் அன்று கொடுப்பார்கள். அரசு அட்டவணைப்படி ரோட்டாவின் முதல் தவணையை ஒரு வயதுக்குள் தொடங்கலாம். தனியார் மருத்துவர்கள் 15 வாரத்துக்குள் தொடங்க வேண்டும் என்பார்கள். எப்படியானாலும் டிஸ்சார்ஜ் நாளைத் தவறவிடாதீர்கள்.

ஒரு குழந்தையை என்னால் மறக்க முடியவில்லை. வேறொரு மருத்துவமனையில் இரண்டு மாதத்துக்கு மேல் வைத்துக் காப்பாற்றி, எடை கூட்டி, நல்லபடியாக அனுப்பியிருந்தார்கள். டிஸ்சார்ஜ் தாளில் கண் பரிசோதனை, காது பரிசோதனை, இரும்புச் சொட்டு எல்லாம் இருந்தன. ஊசி பற்றி ஒரு வரி இல்லை. வீட்டிலும் 'பெரிய ஆஸ்பத்திரியில் இருந்ததால் எல்லாம் போட்டிருப்பார்கள்' என்று நினைத்துக்கொண்டார்கள். ஐந்து மாதத்தில் கக்குவான் இருமலோடு எங்கள் வார்டுக்கு வந்தது. ஒவ்வொரு இருமலுக்கும் உடம்பு நீலம் பாயும். பிழைத்துக்கொண்டது. ஆனால் அந்த அம்மா ராத்திரி முழுக்க, "நான் கேட்டிருக்கணுமா சிஸ்டர்?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். தப்பு அவருடையது அல்ல. நாங்கள்தான் எழுதியிருக்க வேண்டும். அதற்காகவே உங்களிடம் கெஞ்சிக் கேட்கிறேன், நாங்கள் எழுதாவிட்டாலும் நீங்கள் கேளுங்கள்.

எடை 2 கிலோவுக்குக் குறைவு. பிறந்தவுடன் போடும் மஞ்சள் காமாலை பி ஊசியைத் தள்ளிப்போட்டார்கள். சரியா?

அம்மாவின் ரத்தப் பரிசோதனையில் அந்தத் தொற்று இல்லை என்று உறுதியாகியிருந்தால் ஒரு மாதம் ஆகும்வரையோ டிஸ்சார்ஜ் வரையோ தள்ளிப்போடுவது உண்டு. அவ்வளவு சிறிய எடையில் ஊசிக்கு உடம்பு சரியாகப் பதில் தராமல் போகலாம். அம்மாவுக்குத் தொற்று இருந்தால் தள்ளிப்போடவே கூடாது. எடை எவ்வளவானாலும் 12 மணி நேரத்துக்குள் ஊசியும் இம்யூனோகுளோபுலினும் (தயார் நிலையில் உள்ள எதிர்ப்பொருள்) போட வேண்டும். 2 கிலோவுக்குக் கீழே போட்ட அந்த ஊசியைக் கணக்கில் எடுக்காமல் பிறகு வரும் மூன்று தவணைகளையும் முழுதாகப் போடுவார்கள்.

பி.சி.ஜி. போடக் கேட்டால் "இன்னிக்கு இல்லை, பாட்டில் உடைக்கல" என்றார்கள். அலைக்கழிக்கிறார்களா?

பி.சி.ஜி. ஒரு பாட்டிலில் பத்துக் குழந்தைகளுக்கான மருந்து இருக்கும். தூளைக் கரைத்துவிட்டால் 4 மணி நேரத்துக்குள் தீர்க்க வேண்டும், மீதியைக் கொட்ட வேண்டும். எம்.ஆர். ஊசிக்கும் இந்த 4 மணி நேரக் கணக்கு உண்டு. பென்டா, முத்தடுப்பு போன்றவற்றைக் குளிர்ச்சியில் சரியாக வைத்திருந்தால் திறந்த பாட்டிலை 28 நாள் வரை பயன்படுத்தலாம். அதனால்தான் சில இடங்களில் நாலு குழந்தை சேரட்டும் என்கிறார்கள். காரணம் புரிகிறது. ஆனாலும் என் மனசு அதற்கு ஒப்புவதில்லை. மருந்து வீணாவதைவிடக் குழந்தை ஊசியில்லாமல் வீட்டுக்குப் போவது பெரிய நஷ்டம். "எந்த நாளில் உடைப்பீர்கள்?" என்று கேட்டுத் தேதி வாங்கிக்கொள்ளுங்கள். பி.சி.ஜி.யை ஒரு வயதுக்குள் போடலாம். தழும்பு வரவில்லை என்பதற்காக மறுபடி போடத் தேவையில்லை.

ரத்தம் ஏற்றினார்கள். அதனால் ஊசி பாதிக்குமா?

எல்லா ஊசியும் அல்ல, எம்.ஆர்., எம்.எம்.ஆர். (எம்.ஆரோடு பொன்னுக்கு வீங்கிக்கும் சேர்ந்தது), சின்னம்மை ஊசிகள் மட்டும். இவற்றில் இருப்பது உயிருள்ள வைரஸ். ரத்தம் கொடுத்தவருக்கு எப்போதோ தட்டம்மை வந்திருக்கும் அல்லது ஊசி போட்டிருக்கும். அவருடைய எதிர்ப்பொருள் உங்கள் குழந்தையின் உடம்பில் சில மாதம் சுற்றிக்கொண்டிருக்கும். ஊசியில் வரும் வைரஸை அது முளையிலேயே அழித்துவிடும். ஊசி போட்டதாக அட்டையில் இருக்கும், பாதுகாப்பு இருக்காது.

எனவே சிவப்பணு ஏற்றியிருந்தால் ஏறத்தாழ 6 மாதம், பிளாஸ்மா அல்லது தட்டணு என்றால் 7 மாதம் இடைவெளி விடச் சொல்வார்கள். கவாசாகி நோய்க்கு (ரத்தக் குழாய்கள் அழற்சியாகும் நோய்) அதிக அளவில் இம்யூனோகுளோபுலின் ஏற்றியிருந்தால் 11 மாதம். இது ரொம்ப நீளம். சுற்றுவட்டாரத்தில் தட்டம்மை பரவிக்கொண்டிருந்தால் அவ்வளவு நாள் காத்திருப்பதும் ஆபத்து. அப்போது முன்கூட்டியே ஒன்று போட்டு, அதைக் கணக்கில் சேர்க்காமல், இடைவெளி முடிந்ததும் மறுபடி போடலாம். இதற்கு நேர் எதிரான கணக்கும் உண்டு: எம்.ஆர். போட்டு 14 நாளுக்குள் ரத்தம் ஏற்றும்படி ஆகிவிட்டால் அந்த ஊசியைத் திரும்பப் போட வேண்டியிருக்கும்.

பென்டா, நிமோகாக்கல், போலியோ ஊசி, பி.சி.ஜி., சொட்டு மருந்துகள் எதற்கும் இந்தக் காத்திருப்பு கிடையாது. "ரத்தம் ஏத்தியிருக்கு, ஆறு மாசத்துக்கு எந்த ஊசியும் வேண்டாம்" என்று யாராவது சொன்னால் அது தவறு. ரத்தம் ஏற்றிய தேதியையும் எந்தப் பொருள் என்பதையும் தடுப்பூசி அட்டையிலேயே ஒரு ஓரத்தில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். கிராம சுகாதாரச் செவிலியர் பார்ப்பது அந்த அட்டையைத்தான், உங்கள் ஃபைலை அல்ல.

நெஃப்ரோடிக் (சிறுநீரில் புரதம் போய் உடம்பு வீங்கும் சிறுநீரகக் கோளாறு) என்று ஸ்டீராய்டு கொடுக்கிறார்கள். ஊசி வேண்டாம் என்று பக்கத்துக் கட்டிலில் சொன்னார்கள்.

பக்கத்துக் கட்டிலில் சொன்னதில் பாதிதான் சரி. எடைக்கு ஒரு கிலோவுக்கு 2 மில்லிகிராம், அல்லது நாளுக்கு 20 மில்லிகிராம், அதற்கு மேல் பிரெட்னிசோலோன் 14 நாளோ கூடுதலாகவோ போனால் உயிருள்ள ஊசிகளைத் தவிர்ப்போம். மருந்தை நிறுத்தி 4 வாரம் கழித்துப் போடலாம். இழுப்புக்கு உறிஞ்சும் ஸ்டீராய்டு, தோலில் தடவும் களிம்பு, நாலைந்து நாள் கொடுக்கும் மாத்திரை இவற்றுக்கெல்லாம் அவ்வளவு காத்திருப்பு இல்லை.

பென்டா, நிமோகாக்கல் போன்ற உயிரற்ற ஊசிகளை ஸ்டீராய்டு ஓடும்போதும் போடலாம். சிறுநீரில் புரதம் நின்று உடம்பு வீக்கம் வடிந்திருக்கும் சமயத்தில் போட்டால் பலன் கூடும். நிமோகாக்கல் ஊசி இந்தக் குழந்தைகளுக்கு உயிர் காக்கும் ஊசி. வீக்கமாக இருக்கும்போது அந்தக் கிருமி வயிற்றுக்குள் போய்ச் சீழ் பிடிக்க வைக்கும். 2 வயதுக்கு மேல் இன்னொரு வகை நிமோகாக்கல் ஊசியும் வருடா வருடம் ஃப்ளூ ஊசியும் போடச் சொல்வார்கள். இவற்றுக்குப் பெரும்பாலும் வெளியில் வாங்க வேண்டி வரும். செலவுதான், ஆனாலும் முடிந்தால் தவிர்க்காதீர்கள்.

மகளுக்குப் புற்றுநோய் சிகிச்சை நடக்கிறது. வீட்டில் சின்னவன் இருக்கிறான். அவனுக்கு ஊசி போட்டால் இவளுக்கு ஒட்டிக்கொள்ளுமா?

ஒட்டாது. போடாமல் விட்டால்தான் ஆபத்து. கீமோ நடக்கும்போது மகளுக்கு உயிருள்ள ஊசி போட முடியாது. அவளுக்குச் சுவர் எழுப்ப வேண்டியவர்கள் வீட்டில் உள்ள மற்றவர்கள்தான். தம்பிக்கு எம்.ஆர். போட்டாக வேண்டும். அந்த ஊசி வைரஸ் அவனிடமிருந்து பரவாது. பெற்றோர், பாட்டி, தாத்தா எல்லோரும் ஃப்ளூ ஊசி போட்டுக்கொள்வது நல்லது.

ஒரே விலக்கு போலியோ சொட்டு. அது மலத்தில் வெளியேறும் என்று முன்பே சொன்னேன். எதிர்ப்புச் சக்தி மிகவும் குறைந்த பிள்ளை இருக்கும் வீட்டில் உடன்பிறந்தவர்களுக்கும் சொட்டுக்குப் பதில் போலியோ ஊசி கொடுக்க வேண்டும். வழக்கமான தடுப்பூசி நாளில் இதைச் சொல்லிவிடுவீர்கள். ஆனால் போலியோ முகாம் ஞாயிற்றுக்கிழமையில் பஸ் ஸ்டாண்டிலும் ரயில் நிலையத்திலும் அன்போடு கூப்பிட்டு வாயில் விட்டுவிடுவார்கள். அன்றைக்கு நினைவு வைத்துச் சொல்லுங்கள்.

சிகிச்சை முடிந்த பிறகு விட்டுப்போனவற்றைப் போட குறைந்தது 3 மாதம், நம் மருத்துவர்கள் பலரும் 6 மாதம் காத்திருக்கச் சொல்வார்கள். எலும்பு மஜ்ஜை மாற்றியிருந்தால் பழைய எதிர்ப்பு பெரும்பாலும் அழிந்துபோயிருக்கும். அப்போது எல்லா ஊசியையும் முதலிலிருந்து தொடங்குவார்கள், எம்.ஆர். போன்றவை இரண்டு வருடம் கழித்துத்தான். இந்தக் குழந்தைகள் இருக்கும் வீட்டிலோ வார்டிலோ யாருக்காவது சின்னம்மையோ தட்டம்மையோ வந்தால் அன்றைக்கே மருத்துவரிடம் சொல்லுங்கள். 'அம்மா வந்திருக்கா, வெளியே சொல்லக் கூடாது' என்று மறைத்து வைத்தால் தடுப்பு மருந்து கொடுக்கும் நேரம் கடந்துவிடும்.

அடுத்த வாரம் ஆபரேஷன். அதற்கு முன் ஊசி போடலாமா?

பென்டா போன்ற ஊசிக்கும் மயக்க மருந்துக்கும் நடுவே 2 நாள் விட்டால் போதும். இங்கேயும் காய்ச்சல் குழப்பம்தான் காரணம். அவசர ஆபரேஷனை ஊசிக்காக யாரும் நிறுத்த மாட்டார்கள்.

சில ஆபரேஷன்களுக்கு ஊசியே முதல் படி. மண்ணீரலை எடுக்கப் போகிறார்கள் என்றால் நிமோகாக்கல், மெனிங்கோகாக்கல், ஹிப் ஊசிகளைக் குறைந்தது 2 வாரம் முன்பே போட வேண்டும். காது கேட்காத குழந்தைகளுக்கு முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் காக்ளியர் கருவி பொருத்துகிறார்கள் அல்லவா, அதற்கும் 2 வாரம் முன்பே நிமோகாக்கல் ஊசி முடிந்திருக்க வேண்டும். அந்தக் கருவி வைத்த பிள்ளைகளுக்கு மூளை உறைக் காய்ச்சல் வரும் வாய்ப்பு கொஞ்சம் அதிகம்.

வலிப்பு வந்த குழந்தை. பயமாக இருக்கிறது.

காய்ச்சலில் வலிப்பு வந்திருந்தாலும் மருந்தால் கட்டுப்பட்ட வலிப்பு இருந்தாலும் எல்லா ஊசியும் போடலாம். மூளை வாதம் உள்ள குழந்தைக்கும் அப்படியே. வலிப்பு இன்னும் அடங்கவில்லை, காரணமும் தெரியவில்லை என்றால் கக்குவான் சேர்ந்த ஊசியை மட்டும் நிலை தெளியும்வரை நிறுத்தி வைப்பார்கள். முன்பு அந்த ஊசி போட்டு 7 நாளுக்குள் நினைவு தப்பி, வேறு காரணமும் கண்டுபிடிக்க முடியாமல் போயிருந்தால் கக்குவான் ஊசி மறுபடி கூடாது.

ரத்தம் உறையாத நோய் இருக்கிறது. தசையில் குத்தலாமா?

ஃபேக்டர் (ரத்தம் உறைய உதவும் மருந்து) ஏற்றிய கையோடு, மெல்லிய ஊசியால் போட்டு, தேய்க்காமல் குறைந்தது 2 நிமிடம் அழுத்திப் பிடிக்க வேண்டும். போடுபவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

நாலு தவணை விட்டுப்போச்சு. முதலிலிருந்து ஆரம்பிக்கணுமா?

வேண்டாம். போட்டது போட்டதுதான், எத்தனை மாதம் இடைவெளி விழுந்தாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். தவணைகளுக்கு நடுவே 4 வாரம் விட்டால் போதும். பென்டாவை ஒரு வயதுக்குள் ஒருமுறைகூடத் தொடங்கவில்லை என்றால் அதற்குப் பதில் முத்தடுப்பு ஊசி போடுவது அரசு வழக்கம், அது 7 வயது வரை. எம்.ஆர். 5 வயது வரை.

ஒரே நாளில் மூன்று நாலு ஊசி போடலாமா என்று அடுத்து கேட்பீர்கள். போடலாம். இடது தொடை, வலது தொடை, மேல்கை என்று இடம் மாற்றிப் போடுவோம். ஒரே தொடையில் இரண்டு என்றால் ஓர் அங்குலம் தள்ளி. உயிருள்ள ஊசிகள் இரண்டு இருந்தால் இரண்டையும் ஒரே நாளில் போட வேண்டும், இல்லாவிட்டால் 4 வாரம் இடைவெளி.

அட்டை தொலைந்துவிட்டது.

உங்கள் ஊர் செவிலியரின் பதிவேட்டிலும் கணினியிலும் இருக்கும். கர்ப்பம் பதிந்தபோது கொடுத்த பிக்மி எண்ணைச் சொன்னால் தேடி எடுக்கலாம். எங்கேயும் பதிவு கிடைக்கவில்லை என்றால் போடாததாகவே வைத்துப் போடுவோம். ஒரு தவணை கூடிப்போவதால் பெரிய கெடுதல் இல்லை. இனிமேல் அட்டையை ஃபோனில் படம் பிடித்து வையுங்கள், அட்டையையும் ஆஸ்பத்திரிப் பையிலேயே போட்டு வையுங்கள்.

குழந்தைக்கு 7 மாதம்தான். வார்டில் ஒரு பையனுக்குத் தட்டம்மை என்கிறார்கள்.

உடனே மருத்துவரிடம் கேளுங்கள். தட்டம்மை வைரஸ் நோயாளி அறையை விட்டுப் போன பிறகும் 2 மணி நேரம் வரை காற்றில் இருக்கும். தடிப்பு தெரிவதற்கு 4 நாள் முன்பிருந்தே பரவும். ஓ.பி.யில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாலே போதும். ஆஸ்பத்திரியில் இருக்கும் 6 மாதம் முடிந்த குழந்தைகளுக்கு ஒரு கூடுதல் தட்டம்மை ஊசி போடலாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. நோயாளியோடு இருந்து 72 மணி நேரத்துக்குள் போட்டால் நோயைத் தடுக்கவும் வாய்ப்புண்டு. இந்த ஊசி கணக்கில் வராது. 9 மாதத்திலும் ஒன்றரை வயதிலும் வழக்கம்போலப் போட்டாக வேண்டும்.

நாய் கடித்து ஊசி போய்க்கொண்டிருக்கிறது. மற்ற ஊசி?

நாய்க்கடி ஊசியை (தோலுக்குள் போடுவது என்றால் 0, 3, 7, 28ஆம் நாள்கள்) எதற்காகவும் தள்ளக் கூடாது. மற்ற ஊசிகளையும் அதே சமயத்தில் போடலாம். காயத்தைச் சுற்றி மனித இம்யூனோகுளோபுலின் போட்டிருந்தால் எம்.ஆருக்கு மட்டும் 4 மாதம் இடைவெளி கேட்பார்கள்.

"இங்கே ஊசி இல்லை, உங்க ஊர் சுகாதார நிலையத்துல போட்டுக்கோங்க" என்று அனுப்பினால் என்ன செய்வது?

பெரிய அரசு மருத்துவமனைகளில் தடுப்பூசிப் பிரிவு தனியாக இருக்கும். வார்டிலிருந்து குழந்தையை அங்கே தூக்கிப் போகலாம், போக முடியாத குழந்தை என்றால் குளிர்ப்பெட்டியில் மருந்தை வார்டுக்கு வரவழைக்கலாம். இதைக் கேட்பது உங்கள் உரிமை, தயங்காதீர்கள். அது முடியாத இடம் என்றால் டிஸ்சார்ஜ் தாளில் மூன்று விஷயங்களை எழுதச் சொல்லுங்கள்: இங்கே போட்ட ஊசிகள் தேதியோடு, அடுத்து எந்த ஊசி எந்தத் தேதிக்குள், எந்த ஊசி எதுவரை கூடாது. கடைசியாகச் சொன்னது முக்கியம். அது இல்லாவிட்டால் கிராம சுகாதாரச் செவிலியர், 'பெரிய ஆஸ்பத்திரிப் பிள்ளை, நமக்கு எதுக்கு வம்பு' என்று எந்த ஊசியையும் போடத் தயங்குவார். அவரைக் குறை சொல்ல முடியாது, அவர் கையில் தகவல் இல்லை. அந்தத் தாளோடு அடுத்த புதன்கிழமையே துணை சுகாதார நிலையத்துக்குப் போங்கள். சந்தேகம் இருந்தால் 104க்கு அழைத்தும் கேட்கலாம்.

ஊசி போட்டு அனுப்பினார்கள், வீட்டில் காய்ச்சல் வந்துவிட்டது. பழைய நோய் திரும்பியதா?

நாளை எண்ணிப் பாருங்கள். பென்டா காய்ச்சல் போட்ட அன்றோ மறுநாளோ வந்து 2 நாளில் போய்விடும். எம்.ஆர். காய்ச்சல் ஒரு வாரம் கழித்து, 5 முதல் 12 நாளுக்குள் வரும், சில சமயம் லேசான தடிப்போடு. எடைக்கு ஏற்ற பாராசிட்டமால் போதும். ஆனால் பால் குடிக்காமல் துவண்டு கிடந்தாலோ, மூச்சு இழுத்தாலோ, வலிப்பு வந்தாலோ, கீமோவிலோ ஸ்டீராய்டிலோ இருக்கும் பிள்ளையாக இருந்தாலோ ஊசிக் காய்ச்சல் என்று வீட்டில் வைத்துப் பார்க்காதீர்கள். நேரே கூட்டி வாருங்கள். வரும்போது அட்டையையும் எடுத்து வாருங்கள்.